ஒரே பில்லில் நாலு தள்ளுபடி: கேஷ்பேக்கையும் கார்டு ரிவார்டையும் அடுக்கிப் பார்த்த கணக்கு

வீட்டில் சின்னதாக ஒரு வேலை அறை போட வேண்டியிருந்தது. மேசை, நாற்காலி, மானிட்டர், பிரிண்டர், அப்புறம் கொஞ்சம் சில்லறைச் சாமான். எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும். சரி, கூப்பன், கேஷ்பேக் தளம், கிஃப்ட் கார்டு, கிரெடிட் கார்டு ரிவார்டு என்று எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் கடைசியில் கைக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சொல்லும் சதவீதங்கள் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. அவை கணக்கில் நிற்கின்றனவா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இங்கே வரும் தொகைகளை எல்லாம் 10,000 என்ற பட்டியல் விலைக்கு மாற்றி எழுதியிருக்கிறேன். எந்த நாணயத்தில் வாங்கினாலும் விகிதம் மாறாது.

எந்தப் பையிலிருந்து வருகிறது?

பொருள் வாங்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொண்டது இதைத்தான்: ஒவ்வொரு தள்ளுபடியையும் யார் தருகிறார்கள்? மீதி எல்லாம் இதிலிருந்துதான் பிறந்தது.

கூப்பன் கோடு என்றால் கடை தன் லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. கேஷ்பேக் தளத்தில் வருவது தரகுப் பணம். ஆள் அனுப்பி வைத்ததற்காகக் கடை அந்தத் தளத்துக்குக் கமிஷன் தருகிறது, அதில் ஒரு பங்கைத் தளம் நமக்குத் தள்ளிவிடுகிறது. வலைத்தளங்களுக்கு இப்படிக் கமிஷன் தரும் முறையை அமேசான் 1996ல் தன் அசோசியேட்ஸ் திட்டத்தில் பெரிய அளவில் கொண்டுவந்தது. 1998ல் தொடங்கி இப்போது ராகுட்டன் என்ற பெயரில் இருக்கும் ஈபேட்ஸ் போன்ற தளங்கள், அந்தக் கமிஷனை வாங்குபவரோடு பங்கு போட்டுக்கொண்டால் கூட்டம் சேரும் என்று கண்டுகொண்டன.

கார்டு ரிவார்டு வேறு பை. நாம் கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் கடையின் வங்கி, நமக்குக் கார்டு தந்த வங்கிக்கு இன்டர்சேஞ்ச் என்ற கட்டணத்தைத் தருகிறது. ரிவார்டின் பெரும்பகுதி அதிலிருந்து வருவதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2015ல் இந்தக் கட்டணத்துக்கு உச்சவரம்பு போட்டது: தனிநபர் கிரெடிட் கார்டுக்கு 0.3%, டெபிட் கார்டுக்கு 0.2%. அங்கே கார்டு ரிவார்டு ஒல்லியாக இருப்பதற்கும், அமெரிக்காவில் கிரெடிட் கார்டுகள் தாராளமாக 2% தருவதற்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. சியர்ஸ் நிறுவனத்தின் டிஸ்கவர் கார்டு 1986ல் கேஷ்பேக்கைக் காட்டிச் சந்தைக்கு வந்தபோதும் பணம் வந்த வழி இதே மாதிரிதான்: கடை தரும் கட்டணத்தில் ஒரு துளி.

மூன்றாவது பை ஒன்று உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. கார்டு ஆப்பில் 'இந்தக் கடையில் இவ்வளவுக்கு மேல் செலவழித்தால் இவ்வளவு திரும்பும்' என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றையும் தொட்டு ஆக்டிவேட் செய்தால்தான் வேலை செய்யும். இதற்கும் பெரும்பாலும் கடைதான் பணம் போடுகிறது. ஆனால் வங்கி வழியாக, வேறு கணக்கில் வருவதால் கேஷ்பேக் தளத்துக்கு இது கண்ணிலேயே படாது.

ஆக, பைகள் வேறு வேறானால் தள்ளுபடிகள் அடுக்கிக்கொள்ளும். ஒரே பையில் இரண்டு பேர் கை விட்டால் முட்டிக்கொள்ளும். கூப்பனும் கேஷ்பேக் தளமும் அப்படி முட்டும் ஜோடி. இரண்டுக்கும் கடையின் விளம்பர பட்ஜெட்தான் ஆதாரம். அதனால்தான் 'எங்கள் தளத்தில் இல்லாத கூப்பனைப் போட்டால் கேஷ்பேக் கிடையாது' என்ற வரி எல்லா விதிமுறையிலும் எங்காவது ஒளிந்திருக்கிறது.

முன்னேற்பாடு

பிரவுசரில் வாங்குவதற்கென்றே தனி ப்ரொஃபைல் ஒன்று உருவாக்கினேன். அதில் ஆட் பிளாக்கர் இல்லை, கூப்பன் தேடும் எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லை, மூன்றாம் தரப்புக் குக்கீக்கு, அதாவது நாம் பார்க்கும் தளம் அல்லாத வேறு தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் சின்ன அடையாளக் கோப்புக்கு, அனுமதி உண்டு. கேஷ்பேக் தளங்கள் ஆர்டரை அடையாளம் காண்பது இந்தக் குக்கீகளையும், லிங்கைத் தொடும்போது அதோடு போகும் அடையாள எண்ணான கிளிக் ஐடியையும் வைத்துத்தான். சஃபாரி 2017 முதலே இப்படிப் பின்தொடர்வதைக் கட்டுப்படுத்தி வந்தது. 2020ல் மூன்றாம் தரப்புக் குக்கீயை அடியோடு நிறுத்திவிட்டது. ஃபயர்பாக்ஸும் 2019 முதல் தானாகவே பின்தொடரும் குக்கீகளைத் தடுக்கிறது. தனியுரிமைக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. அன்றாட உலாவலுக்கு நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். அதனால்தான் இதற்கு மட்டும் தனி ப்ரொஃபைல்.

அடுத்தது ஒரு ஸ்ப்ரெட்ஷீட். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு வரி: பட்டியல் விலை, கூப்பன் போக விலை, வரியும் டெலிவரியும், தளம் சொன்ன சதவீதம், எந்தக் கார்டு, எதிர்பார்த்த தொகை, உண்மையில் வந்த தொகை. கடைசி இரண்டும் தனித்தனிப் பத்தியாக இருந்தாக வேண்டும். 'பெண்டிங்' என்று, அதாவது இன்னும் உறுதியாகவில்லை என்று, தளம் காட்டும் தொகையை மிச்சம் என்று எண்ணிக்கொள்வதில்தான் முக்கால்வாசிப் பேர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கார்டு கடையை என்னவாகப் பார்க்கிறது?

'எலக்ட்ரானிக்ஸுக்கு 5%' என்று கார்டு சொன்னால், எலக்ட்ரானிக்ஸ் எது என்று முடிவு செய்வது பொருள் இல்லை, கடை. ஒவ்வொரு வணிகருக்கும் நான்கு இலக்கத்தில் ஒரு வகைக் குறியீடு உண்டு, எம்.சி.சி. என்பார்கள். 5411 என்றால் பலசரக்கு சூப்பர்மார்க்கெட், 5732 எலக்ட்ரானிக்ஸ் கடை, 5311 டிபார்ட்மென்ட் ஸ்டோர், 5812 உணவகம். சூப்பர்மார்க்கெட்டில் மானிட்டரே வாங்கினாலும் கார்டுக்கு அது பலசரக்குதான். எல்லாம் விற்கும் பெரிய கடையில் பலசரக்கு வாங்கினாலும் டிபார்ட்மென்ட் ஸ்டோர் கணக்கில் போகலாம்.

இதை ஊகிக்கத் தேவையில்லை. பெரிய பொருளை வாங்கும் முன் அதே கடையில், அதே செக்அவுட் வழியில், ஒரு மலிவான கேபிளை வாங்கினேன். கேபிள் எப்படியும் வேண்டியிருந்தது. கார்டு ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிகிறது, போனஸ் விழுந்ததா என்பதும் தெரிந்துவிடும். இன்னொரு கடையில் நேராகக் கார்டு போட்டபோது எலக்ட்ரானிக்ஸாக வந்தது, இடையில் ஒரு வாலட்டை (கார்டைச் சேர்த்து வைத்துப் பணம் கட்டும் ஆப்) நுழைத்தபோது வகை மாறிப்போனது. சில வாலட்கள் கடையின் குறியீட்டை அப்படியே கடத்தும், சில தங்கள் குறியீட்டையே அனுப்பும். ஆகவே சோதனைக்கு வாங்கிய அதே வழியில்தான் பெரிய பொருளையும் வாங்க வேண்டும்.

மானிட்டர்: கணக்கு முழுசாக

பட்டியல் விலை 10,000. கேஷ்பேக் தளத்திலேயே கொடுத்திருந்த கூப்பன் 10%. தளம் தருவது 5%. கார்டு தருவது 2%. கூட்டினால் 17%, அதாவது 8,300க்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காது. ஏனென்றால் ஒவ்வொரு சதவீதமும் வேறு வேறு தொகையின் மேல் நிற்கிறது.

கூப்பன் போனதும் கட்ட வேண்டியது 9,000. இதில் வரியும் டெலிவரியும் சேர்ந்து 1,000. கேஷ்பேக் தளம் வரிக்கும் டெலிவரிக்கும் கமிஷன் தராது, மீதி 8,000க்குத்தான். 5% என்றால் 400. கார்டுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. தேய்த்தது 9,000, அதில் 2% 180. ஆக 9,000 − 400 − 180 = 8,420. மிச்சம் 15.8%.

17க்கும் 15.8க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றலாம். கூப்பன் 30% ஆகும்போது பாருங்கள்: பின்னால் வரும் ஒவ்வொரு அடுக்கும் சுருங்கிய தொகையின் மேல்தான் உட்காரும். மேலே அடுக்க அடுக்கப் புதிய அடுக்கு மெலிந்துகொண்டே போகும்.

இதற்கு மேல் கார்டு ஆப்பில் அதே கடைக்கு '5,000க்கு மேல் செலவழித்தால் 500' என்ற ஆஃபர் இருந்தது. முன்கூட்டியே ஆக்டிவேட் செய்து வைத்திருந்தேன். அது சேர்ந்ததும் 7,920. இந்த ஆஃபர்களில் கவனிக்க வேண்டியது, கார்டில் விழும் தொகைதான் கணக்கு. கடை இரண்டு பார்சலாக அனுப்பி இரண்டு தடவையாகப் பிடித்தால், ஒவ்வொன்றும் 5,000க்குக் கீழே போய் 500 கிடைக்காமல் போக வாய்ப்பு உண்டு. மானிட்டரோடு வேறு எதையும் கூடையில் சேர்க்காததற்குக் காரணம் அதுதான்.

கிஃப்ட் கார்டு வழியாகப் போயிருந்தால்?

அதே கடையின் கிஃப்ட் கார்டை ஒரு சூப்பர்மார்க்கெட் 4% தள்ளுபடியில் விற்றது. என்னிடம் சூப்பர்மார்க்கெட்டுக்கு 5% தரும் கார்டு ஒன்று உண்டு. 9,000 மதிப்புள்ள கிஃப்ட் கார்டுக்கு 8,640 கொடுக்க வேண்டும். அதில் 5% ரிவார்டு 432. நிகரம் 8,208. மேலே போட்ட 8,420ஐ விட நல்ல கணக்குத்தான்.

ஆனால் இந்த வழியில் போனால் கடையில் கார்டே தேயாது, கார்டு ஆஃபரின் 500 போய்விடும். கிஃப்ட் கார்டில் கட்டினால் கேஷ்பேக் கிடையாது என்று அந்தத் தளத்தின் விதியில் தெளிவாகவே எழுதியிருந்தது, 400ம் போச்சு. ஆக 8,208க்கு எதிரே 7,920. மானிட்டருக்கு நேர் வழியே ஜெயித்தது. ஆஃபர் இல்லாத கடையாக இருந்திருந்தால் முடிவு தலைகீழ். எல்லா நேரத்துக்கும் ஒரே சூத்திரம் இல்லை; ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வரி கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

கிஃப்ட் கார்டில் எனக்கு உறுத்தும் இன்னொரு விஷயம் ரிட்டர்ன். பொருளைத் திருப்பினால் பணம் பெரும்பாலும் கிஃப்ட் கார்டாகத்தான் திரும்பும். அந்தக் கடையிலேயே செலவழித்துத் தீர்க்க வேண்டும். கடையோடு தகராறு வந்தால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும், கார்டில் பொதுவாகக் கிடைக்கும் பாதுகாப்பும், சில கார்டுகள் தரும் கூடுதல் வாரன்டியும் கேள்விக்குறியாகிவிடும். பழுதாகக்கூடிய மின்னணுப் பொருளுக்கு நான் இந்த வழியை எடுப்பதில்லை. காகிதம், மை மாதிரித் தீர்ந்துபோகும் சாமானுக்குச் சரி.

அந்த ஒரு கிளிக்

கேஷ்பேக் தளத்தில் பணம் தொலைவது பெரும்பாலும் இங்கேதான். கடைசியாக யார் கிளிக் செய்து அனுப்பினார்களோ அவர்களுக்கே கமிஷன் என்பது கடைகளில் வழக்கமாக இருக்கும் விதி. கேஷ்பேக் தளத்திலிருந்து கடைக்குள் நுழைந்த பிறகு, நடுவில் ஒரு கூப்பன் தளத்தைத் திறந்து 'கூப்பன் கோடைக் காட்டு' என்று அழுத்தினால் போதும், கமிஷன் அந்தத் தளத்தின் பெயருக்கு மாறிவிடும். செக்அவுட்டில் தானாக எட்டிப்பார்க்கும் எக்ஸ்டென்ஷன்களும் அதே வேலையைச் செய்யக்கூடியவை.

அதனால் வரிசையை இப்படி வைத்துக்கொண்டேன். விலை ஒப்பீடு, விமர்சனம் படிப்பது, கூப்பன் தேடுவது எல்லாம் அன்றாட ப்ரொஃபைலில். எதை வாங்குவது, எந்தக் கூப்பன் கோடு என்று முடிவான பிறகு, வாங்கும் ப்ரொஃபைலில் குக்கீயைத் துடைத்துவிட்டு, கடையின் கூடை காலியாக இருக்கும்போது, தளத்திலிருந்து கிளிக் செய்து உள்ளே போவேன். சில கடைகள் ஏற்கெனவே கூடையில் இருந்த பொருளுக்குக் கமிஷன் தருவதில்லை, அதனால்தான் காலிக் கூடை. பிறகு வேறு டேப் எதையும் திறக்காமல் ஒரே மூச்சில் பணம் கட்டி முடிப்பது. கிளிக் செய்த நேரம் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட், ஆர்டர் உறுதியானதும் இன்னொன்று.

மொபைலில் வேண்டுமென்றே ஒரு ஆர்டரைச் சோதித்துப் பார்த்தேன். தளத்தின் லிங்கைத் தொட்டதும் பிரவுசருக்குப் பதிலாகக் கடையின் ஆப் திறந்துகொண்டது. ஆர்டர் போனது, ட்ராக் ஆகவில்லை, அதாவது கேஷ்பேக் தளத்தில் பதிவாகவில்லை. லிங்க் ஆப்புக்குள் குதிக்கும்போது கிளிக் ஐடி வழியிலேயே உதிர்ந்துவிட்டது. சில கடைகள் ஆப்பிலும் கமிஷன் தருகின்றன, சில தருவதில்லை. தளத்தின் விதிமுறையில் பார்த்துக்கொள்ளலாம். எனக்குக் கணினியே போதும்.

மேசைக்கும் ட்ராக் விழவில்லை, அதுவும் மேலே சொன்ன வரிசையை அச்சுப் பிசகாமல் பின்பற்றிய பிறகு. தளத்தில் 'கேஷ்பேக் வரவில்லை' என்ற படிவம் இருக்கிறது. ஆர்டர் எண், தேதி, வரி போகத் தொகை, இரண்டு ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் போட்டு அனுப்பினேன். முதல் பதில் எல்லோருக்கும் ஒட்டி அனுப்பும் பதில். கிளிக் நேரத்தைச் சுட்டிக்காட்டி மறுபடி எழுதியதும் சேர்த்துவிட்டார்கள். படிவத்துக்குக் காலக்கெடு உண்டு, அது தாண்டினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

நாற்காலிக்கு எல்லாமே தோற்றது

நாற்காலிக்கும் மானிட்டருக்குப் போட்ட அதே அடுக்கு: 10,000, கூப்பன், தளம், கார்டு. கார்டு ஆஃபர் மட்டும் இல்லை. கணக்கு 8,420ல் நின்றது. கேஷ்பேக் தளம் எதிலும் பதிவு செய்யாத சின்னக் கடை ஒன்று அதே மாடலை நேராக 8,300க்கு விற்றது. கார்டின் 2% போனால் 8,134. காத்திருப்பு இல்லை, ஸ்கிரீன்ஷாட் இல்லை, படிவம் இல்லை. கமிஷன் கொடுக்காத கடையால் விலையைக் குறைக்க முடிவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லையே. கேஷ்பேக் தளத்தின் கடைப் பட்டியலுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

வரம்பும் தேதியும்

5% தரும் கார்டுகளில் பெரும்பாலும் உச்சவரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் 1% அல்லது பூஜ்யம். வரம்பு காலண்டர் மாதத்துக்கா, பில்லிங் சைக்கிளுக்கா (ஒரு பில்லுக்கும் அடுத்த பில்லுக்கும் இடைப்பட்ட காலம்) என்று முதலில் பார்க்க வேண்டும். சைக்கிள் என்றால், எந்தத் தேதி கணக்கு என்பது அடுத்த கேள்வி. நாம் வாங்கிய தேதி வேறு, கடை பணத்தைப் பிடித்துப் பரிவர்த்தனை பதிவாகும் தேதி வேறு. பல கடைகள் பொருளை அனுப்பும்போதுதான் பிடிக்கும். பிரிண்டரைச் சைக்கிளின் கடைசி நாளில் ஆர்டர் செய்தேன். பதிவானது அடுத்த சைக்கிளில். புது வரம்பு முழுசாக இருந்ததால் அது எனக்கு வசதியாகவே போயிற்று. ஆனால் பழைய சைக்கிளில் மீந்த வரம்பை நம்பி வாங்குகிறவருக்கு இதே விஷயம் எதிராகத் திரும்பும்.

திருப்பிக் கொடுத்தபோது

சில்லறைச் சாமான்களில் ஒரு விளக்கு சரிப்படவில்லை. திருப்பினேன். அந்த ஒரு ஆர்டரில் எத்தனை நூல் அவிழ்ந்தது என்று பார்க்கத்தான் இந்த ஸ்ப்ரெட்ஷீட் பயன்பட்டது. விளக்கு போனதும் மொத்தம் கூப்பனுக்கான குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே இறங்கியது, கடை கூப்பன் தள்ளுபடியைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தந்தது. கார்டு தன் பங்கு ரிவார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கேஷ்பேக் தளத்திலோ விளக்குக்கு மட்டுமல்லாமல் ஆர்டர் முழுவதற்குமான தொகையே ரத்தானது. அதற்கும் படிவம் எழுதி, வைத்துக்கொண்ட பொருளுக்குரியதை வாங்கினேன். கேஷ்பேக் தளங்கள் தொகையை மாதக்கணக்கில் பெண்டிங்கில் வைப்பதும் ரிட்டர்ன் காலம் முடியட்டும் என்றுதான். சந்தேகமான பொருளைத் தனி ஆர்டராகப் போடுவது இப்போது பழக்கமாகிவிட்டது.

பாயிண்ட், ஃபீஸ், வட்டி

பாயிண்டை நான் பணமாக மட்டுமே எழுதுகிறேன். 10,000 பாயிண்ட் ஸ்டேட்மென்ட்டில் கழித்தால் 2,500, பரிசுப் பட்டியலில் வாங்கினால் வேறு தொகை, பயணத்துக்கு மாற்றினால் இன்னொன்று என்று இருக்கும் கார்டில், நான் உண்மையில் எடுக்கப்போகும் வழியின் மதிப்புதான் ஷீட்டில் ஏறும். பயணமே போகாதவருக்குப் பயண மதிப்பு எதற்கு? பாயிண்டைச் சேர்த்து வைப்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை, மதிப்பைக் குறைக்கும் உரிமை வங்கியிடம் இருக்கிறது.

ஆண்டுக் கட்டணக் கார்டுக்கு ஒரே ஒரு வகுத்தல் போதும். கட்டணம் 1,000, இலவசக் கார்டை விட 1% கூடத் தருகிறது என்றால், 1,00,000 செலவழித்தால்தான் கட்டணமே திரும்பும். லாபம் அதற்கு மேல்தான் ஆரம்பிக்கிறது.

வட்டிக்கு வகுத்தல்கூட வேண்டாம். மாதம் 3% வட்டி என்று வைத்தால், மானிட்டரின் 9,000ஐக் கட்டாமல் ஒரு மாதம் தள்ளினால் 270. கார்டு தந்தது 180. அதோடு முழு பாக்கியையும் கட்டாதவருக்குப் பல கார்டுகளில் புதிய செலவுகளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. முழுத் தொகையும் தானாகக் கட்டப்படும்படி வங்கிக் கணக்கில் ஏற்பாடு செய்த பிறகுதான் இந்த வேலையையே தொடங்கினேன்.

இப்போது மிஞ்சியிருப்பவை

அறை முழுவதற்கும் கைக்கு வந்து சேர்ந்த மிச்சத்தில் பெரும்பங்கு கூப்பனும் விலை ஒப்பீடும் தந்தது. இரண்டாவது இடம் கார்டு ஆஃபருக்கு. கேஷ்பேக் தளம் அதற்கும் கீழே. எல்லோரும் அதிகம் பேசும் அன்றாடக் கார்டு ரிவார்டு கடைசி, ஆனால் உழைப்பே இல்லாமல் வந்ததும் அது ஒன்றுதான்.

கணக்கு வைத்திருந்த கேஷ்பேக் தளங்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிட்டேன். பணம் எடுக்கக் குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கும் தளங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கிடப்பது யாருக்கும் உதவாது. கட்டணக் கார்டு மேலே சொன்ன வகுத்தலில் தேறவில்லை, அதைக் கட்டணமில்லாத வகைக்கு மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். சூப்பர்மார்க்கெட் கார்டும் 2% கார்டும் பர்ஸில் இருக்கின்றன. பிரிண்டர் மைக்குக் கிஃப்ட் கார்டு வழியில் அடுத்த தடவை கணக்குப் போட வேண்டும். கிஃப்ட் கார்டு விற்கும் கடையின் வகைக் குறியீட்டைச் சோதித்துப் பார்க்க ஒரு கட்டு காகிதம் ஆர்டரில் இருக்கிறது.